வாளியில் போட்ட கத்தி

போதகர் ஐயா என்னை ரெண்டு பக்கம் எழுதச் சொன்னார். வாலிபர் ஊழியம் தொடங்கி இருபது வருஷம் ஆகுதாம், சபையில புத்தகம் போடுறாங்களாம், அதுல எங்க வீட்டுக்காரரைப் பத்தி ஒரு வாழ்க்கைக் குறிப்பு வேணுமாம். "நல்ல விதமா எழுதும்மா, படிக்கிறவங்களுக்குப் பிரயோஜனமா இருக்கணும்"னு சொல்லிட்டுப் போனார். நல்ல விதமா எழுதுறதுக்கு அவர் வேற ஆள் பார்த்திருக்கணும். நான் ஆஸ்பத்திரியில காயம் கழுவிக் கட்டுப் போடுற நர்ஸ். எனக்கு மூடி மூடி எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுறேன், வேண்டாததை அவர் வெட்டிக்கட்டும்.

இவருக்கு வேலை டிங்கர் வேலை. இடிபட்ட காருக்கு ஒடுக்கு எடுக்கிறது. மூணு கார் நிக்கிற மாதிரி ஒரு தகரக் கூரைப் பட்டறை, சுவர் முழுக்க சுத்தியல், மூலையில பழைய டயர். இவர் பேரை யாரும் சொல்றதில்ல, சபையிலகூட டிங்கர் அண்ணன்தான். பத்தொன்பது வயசுல ஒரு ஆளோட தாடையை இதே மாதிரி ஒரு சுத்தியலால உடைச்சிட்டு மூணு வருஷம் ஜெயில்ல இருந்தவர். கல்யாணமான புதுசுல, எதுக்குங்க உடைச்சீங்கன்னு கேட்டேன். "முறைச்சான்"னார். இன்னும் ஏதாவது சொல்வாரோன்னு பார்த்தேன். அவ்வளவுதான் காரணமாம்.

இவர் சபைக்கு வந்த கதையை ஊழியக்காரங்க மேடையில உருக்கமாச் சொல்வாங்க. உண்மை என்னன்னா, சபைக்கு அடுத்த வீட்டுக்காரருக்குப் பாட்டுச் சத்தம் பிடிக்கல. ஒலிபெருக்கியை உடைச்சுட்டு வான்னு இவரை அனுப்பினார். இவர் போய் உடைச்சார். வர்ற வழியில சும்மா போகக் கூடாதா, வாசல்ல நின்ன சபை வேனோட கதவுல ஒரு உதையும் விட்டுட்டு வந்தார். ரெண்டு நாள் கழிச்சு போதகர் ஐயா அதே வேனை இவர் பட்டறைக்கே ஓட்டிட்டு வந்துட்டார். "தம்பி, இந்த ஒடுக்கை எடுத்துக் கொடுங்க." இவர் சுத்தியலைக் கீழே வச்சுட்டு, "யாரு உதைச்சதுன்னு தெரியுமா ஐயா?"ன்னு கேட்டிருக்கார். ஐயா குனிஞ்சு கதவைப் பார்த்தாராம், இவர் காலைப் பார்த்தாராம். "அளவு தெரியுது, ஆள் தெரியல"ன்னாராம். இந்த ஆளு என்ன மாதிரி ஆளுன்னு பார்க்கத்தான் அந்த ஞாயித்துக்கிழமை இவர் சபைக்குப் போனார்.

அப்புறம் ஊழியம். தெருவுல அடிச்சுக்கிட்டுத் திரியுற பசங்களுக்கு யாராவது ஏதாவது செய்யணும்னு சபையில வருஷா வருஷம் பேசுவாங்க. பேசிட்டு டீ குடிப்பாங்க. இவர்தான் எழுந்து, "அவனுங்க சபைக்கு வரமாட்டானுங்க, பட்டறைக்கு வருவானுங்க"ன்னார். சனிக்கிழமை நாலு மணிக்கு வேலையை நிறுத்திட்டு, பெஞ்சைப் போட்டு, டீயும் பன்னும் வச்சு உட்கார்ந்தார். மொத வாரம் நாலு பேர் வந்தானுங்க, அதுல ரெண்டு பேர் பன்னுக்கு வந்தவனுங்க. மூணாவது வாரம் ஒருத்தன் இன்னொருத்தன் கன்னத்தை பிளேடால கிழிச்சான். வாயோரத்துலேர்ந்து காது வரைக்கும். பட்டறைக்கு வந்திருந்த ஒரு காரோட பின் சீட்டுல படுக்க வச்சு நான்தான் தச்சேன்.

அன்னைக்குத்தான் வாளி வந்தது. வாசல்ல ஒரு காலி பெயின்ட் வாளி. உள்ளே வர்றவன் இடுப்புல, சாக்ஸுல, சட்டைக்குள்ள என்ன வச்சிருக்கானோ அதை அதுல போடணும். போகும்போது எடுத்துக்கலாம், யாரும் ஒரு கேள்வி கேட்கமாட்டாங்க. மூப்பர்களுக்கு இது பிடிக்கல, பிடுங்கி வச்சுக்க வேண்டியதுதானேன்னாங்க. "பிடுங்கினா அடுத்த வாரம் ஒளிச்சு எடுத்துட்டு வருவான். அவனா விட்டுட்டுப் போகணும்"னு இவர் பிடிவாதமா நின்னார். விட்டுட்டும் போனானுங்க, அதைச் சொல்லாம இருக்கக் கூடாது. ஞானஸ்நானம் எடுக்கிற வாரத்துல ஒவ்வொருத்தனும் தன்னோடதை எடுக்காமப் போவான். சைக்கிள் செயின், பிளேடு, தீட்டின ஸ்குரூ டிரைவர், அடியில துரு பிடிச்சுக் கிடக்கும். கன்னம் கிழிஞ்சவனும் கிழிச்சவனும் இப்ப சபையில காணிக்கைத் தட்டு பிடிக்கிறானுங்க, ஆளுக்கு ஒரு பக்கம்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. சொல்லாத விண்ணப்பம். ஒருத்தன் தன் பாரத்தை வாய்விட்டுச் சொல்ல முடியலன்னா சும்மா கையை மட்டும் தூக்கலாம். என்ன ஏதுன்னு கேட்கமாட்டாங்க. எல்லாரும் சுத்தி நின்னு அவன் மேல கை வச்சு ஜெபிப்பாங்க. கேட்க நல்லாத்தான் இருக்கும். பின்னாடி எங்க மேல இடியா விழுந்தது அதுதான்.

ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு பையன் வந்துக்கிட்டிருந்தான். பதினேழு வயசு, தலை நிறையச் சுருட்டை முடி, அதனால பேரே சுருட்டை. பாட்டு வராது, கைதட்டினா தாளம் வராது, ஆனா ஒரு வாரம் தவறமாட்டான். எங்களுக்குப் பிள்ளை கிடையாது. இவர் அவனை வச்சிருந்த விதத்துல எனக்கே பொறாமையா இருக்கும். கூட்டத்துக்கு முன்னாடி, ஒடுக்கு எடுத்த இடத்துல பூசுற பட்டியைத் தேய்க்கச் சொல்லிக் கொடுப்பார், அவன் தேய்க்கிறேன்னு சொல்லிட்டு மூக்கு முழுக்கப் பூசிக்கிட்டு நிப்பான். அப்பா அம்மா இல்ல. சலவைக் கடையில துணி தேய்க்கிற அக்கா வீட்டுலதான் இருந்தான். அக்கா புருஷன் லாரி டிரைவர்.

அந்த அக்காவை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில தெரியும். மொத தடவை புருவத்துல ஏழு தையல், குளிக்கிற இடத்துல வழுக்கிட்டேன்னா. ரெண்டாவது தடவை விலா எலும்பு, மாடிப்படின்னா. மூணாவது தடவை பின் தோள்ல இஸ்திரிப் பெட்டியோட முனை அப்படியே அச்சு எடுத்த மாதிரி வெந்திருந்தது. தேய்க்கும்போது பட்டுடுச்சுன்னா. முதுகுல படுற மாதிரி எவ தேய்ப்பா? கேட்டேன். அழுதா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னா. நோயாளி விஷயத்தை வெளியில சொல்லக் கூடாதுன்னு விதி இருக்கு, நானும் வீட்டுக்கு வந்து இவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. பெரிய இவ மாதிரி விதியைக் காப்பாத்தினேன்.

அதுக்கு அடுத்த சனிக்கிழமை சுருட்டை வந்து வாளியில ஒரு கத்தியைப் போட்டான். அவன் அதுவரைக்கும் வாளியில எதையும் போட்டதே கிடையாது. நான் டீ ஊத்திக்கிட்டிருந்தேன், பார்த்தேன். இவரும் பார்த்தார். கேட்கக் கூடாதே, கேட்கல. ஜெப நேரத்துல அவன் கையைத் தூக்கினான். இருபத்தஞ்சு பசங்க சுத்தி நின்னு அவன் தலையிலயும் தோள்லயும் கை வச்சாங்க. இவர் நடுவுல நின்னு கண்ணை மூடி, "ஆண்டவரே, இந்தப் பிள்ளை தன் மனசுல என்ன நினைச்சிருக்கானோ அதை நடத்திக் கொடும், இவன் பயத்தை எடுத்துப் போட்டு இவனுக்குப் பெலத்தைக் கொடும்"னு ஜெபிச்சார். நானும் டீச்சட்டியைப் பிடிச்சுக்கிட்டே ஆமென் சொன்னேன்.

முடிஞ்சதும் சுருட்டை கண்ணைத் துடைச்சுக்கிட்டு கேட்டான், "அண்ணா, கண்டிப்பா நடக்கும்ல?"

"நடக்கும்டா. சந்தேகப்படாமப் போ."

அவன் வாளியில கையை விட்டு, கத்தியை எடுத்துக்கிட்டுப் போனான். முகம் அவ்வளவு தெளிவா இருந்துச்சு. இவர் என்னைப் பார்த்துச் சிரிச்சார். "பார்த்தியா, பையனுக்கு ஏதோ பாரம் இறங்கிடுச்சு"ன்னார்.

அரை மணி நேரம் இருக்கும். பெஞ்சைத் தூக்கி அடுக்கிக்கிட்டிருந்தோம். அவன் அக்கா செருப்புக்கூட இல்லாம ஓடி வந்தா. "அண்ணி, தம்பி என்னை வெளியே தள்ளிட்டு, அவரை உள்ளே வச்சுக் கதவைச் சாத்திட்டான்"னா. இவர் கையில இருந்த பெஞ்சைப் போட்டுட்டு ஓடினார், நானும் பின்னாடியே ஓடினேன். ரெண்டு தெரு தள்ளி மாடியில அவங்க வீடு. கதவு உள்ளே தாழ். இவர் தோளைக் கொடுத்து மோதினதுல மூணாவது மோதலுக்குத் தாழ் பிச்சுக்கிட்டு வந்தது.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவுல லாரிக்காரன் கிடந்தான். இடது முன்கை நீளமாப் பிளந்து தரை முழுக்க ரத்தம், வயித்துல சட்டையோட ஒரு கீறல். சுருட்டை அவன் நெஞ்சு மேல முட்டி போட்டு உட்கார்ந்து, கத்தியைத் தொண்டையில வச்சிருந்தான். கத்தவே இல்ல.

"கிட்ட வராதீங்க அண்ணா. நீங்கதானே ஜெபிச்சீங்க."

"டேய், நான் இதுக்கு ஜெபிக்கலடா."

"பின்னே எதுக்கு ஜெபிச்சீங்க?"

பதினெட்டு வருஷமா சனிக்கிழமை தவறாமப் பேசினவர், "தெரியாதுடா, எனக்குத் தெரியாதுடா"ன்னார்.

"தெரியாம எப்படி நடக்கும்னு சொன்னீங்க?"ன்னு கேட்டுட்டு அவன் கத்தியை அழுத்தினான்.

இவர் பாய்ஞ்சு, பிடியைப் பிடிக்க நேரமில்லாம, அலகையே வலது கையால பிடிச்சுட்டார். பையன் இழுத்தான். இவர் விடல. அவன் மறுபடியும் பலமா இழுத்தான். விரல்ல நரம்பு அறுபடுற சத்தம் எனக்குக் கேட்டுச்சு, சத்தியமாக் கேட்டுச்சு. இவர் ரத்தம் தன் முகத்துல அடிச்சதும்தான் அவன் கையை எடுத்தான். "அண்ணா, அண்ணா"ன்னு பின்னாடி நகர்ந்தான்.

அந்த நேரம் பார்த்து லாரிக்காரன் எழுந்துட்டான். மேசை மேல இருந்த இஸ்திரிப் பெட்டியை எடுத்து, திரும்பி நின்ன பையனோட காதுக்குப் பின்னாடி ஓங்கி அடிச்சான். பையன் அப்படியே சரிஞ்சான். அந்தக் கடன்காரன் கீழே கிடந்தவனை இன்னொரு அடி அடிக்கப் பெட்டியைத் தூக்கினான்.

அப்பதான் இவர் கை ஓங்கினது. இடது கை முஷ்டி, நேரா தாடையில. எலும்பு உடைஞ்சது தெரிஞ்சுது. பெட்டி கீழே விழுந்தது, அவனும் விழுந்தான். இனி அடிக்க ஒண்ணுமில்ல. இவர் அவன் மேல உட்கார்ந்து மறுபடியும் அடிச்சார்.

இதை நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல, போலீஸ்கிட்டயும் சொல்லல. நான் பக்கத்துலதான் நின்னேன். பிடிச்சிருக்கலாம். பிடிக்கல. எண்ணினேன். ஒண்ணு, புருவத்துக்கு. ரெண்டு, விலாவுக்கு. மூணு, அந்தத் தோளுக்கு. ஒவ்வொண்ணுக்கும் எனக்கு உள்ளே குளிர்ந்துச்சு. கிறிஸ்தவச்சி, நர்ஸு, எல்லாம்தான். போதகர் ஐயா, இதை மட்டும் நீங்க வெட்டக் கூடாது.

நாலாவதுக்குக் கை ஓங்கும்போது இவர் முகத்தைப் பார்த்தேன். நான் கட்டிக்கிட்ட ஆள் இல்ல அது. பின்னாடி போய் தலைமுடியைக் கொத்தாப் பிடிச்சு, முதுகுல முட்டியை வச்சு இழுத்தேன். "விடுடி"ன்னு என்னைத் தூக்கி எறிஞ்சார். கட்டில் கால்ல என் நெத்தி பிளந்தது. என்னை ஒரு நாளும் டி போட்டுப் பேசாதவர். அடிச்சுக்கிட்டே இருந்தார். கெஞ்சினா கேட்கமாட்டார்னு தெரிஞ்சுபோச்சு, அதனால பொய் சொன்னேன்.

"பையன் செத்துட்டாங்க."

கை அந்தரத்துல நின்னுச்சு. இறங்கி, தவழ்ந்தே பையன்கிட்ட வந்து அவனை மடியில எடுத்துப் போட்டுக்கிட்டார். அவன் மூச்சு விடுறதைப் பார்த்துட்டு என்னைப் பார்த்தார். நான் படுக்கை விரிப்பைக் கிழிச்சுக்கிட்டிருந்தேன். ஒரு விரிப்பு, மூணு ஆம்பிளைங்க. மொதல்ல பையன் தலை, அப்புறம் அந்த லாரிக்காரன் முன்கை, ஏன்னா விட்டா செத்துடுவான். இவர் கை கடைசி. எங்க வேலையில வரிசை அதுதான், இப்பவும் அது சரின்னுதான் சொல்வேன்.

யாரும் சாகல. பையனுக்கு ஒரு காது சரியாக் கேட்காது. அவனை ஒன்றரை வருஷம் சீர்திருத்தப் பள்ளியில போட்டாங்க. இவர் தானாவே ஸ்டேஷனுக்குப் போய் தாடையை உடைச்சது நான்தான்னு சொல்லி அஞ்சு மாசம் உள்ளே போனார். லாரிக்காரன் வாயைக் கம்பி போட்டுக் கட்டிக்கிட்டு ஊரை விட்டே போயிட்டான். இவருக்கு வலது கையில மூணு விரல் மடங்காது, இப்ப இடது கையாலதான் சுத்தியல் பிடிக்கிறார்.

உள்ளே போறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை கட்டுப் போட்ட கையோட சபையில எழுந்து நின்னார். "கத்தியைத் திருப்பிக் கொடுத்தது நான். நடக்கும்னு சொன்னதும் நான். அவன் என்னை நம்பித்தான் போனான்"னார். ஒரு மூப்பர், சபை பேரு போச்சேன்னு வருத்தப்பட்டார். எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. "அந்தப் பையனோட பேரைச் சொல்லுங்க பார்ப்போம்"னேன். அவருக்குத் தெரியல. ஒண்ணரை வருஷமா பட்டறைக்கு வந்த பையன்.

இவர் வெளியே வந்து மறுபடியும் பெஞ்சைப் போட்டார். அஞ்சு பேர்தான் வந்தானுங்க. சொல்லாத விண்ணப்பம் இனிமே கிடையாதுன்னுட்டார். கையைத் தூக்கினா வாயைத் திறக்கணும். வாளி இருந்துச்சு. ஆனா திருப்பி எடுக்கும்போது, இதை எடுத்துக்கிட்டு எங்கேடா போறேன்னு கேட்பார். பதில் சரியில்லன்னா கூடவே நடந்து போவார். மாசா மாசம் சுருட்டையைப் பார்க்கப் போனார். அவன் ஒரு தடவைகூட வெளியே வந்து இவரைப் பார்க்கல. போய், ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து, வாங்கிட்டுப் போன பன்னைத் திரும்ப எடுத்துட்டு வருவார். "இன்னும் எத்தனை தடவை போவீங்க?"ன்னு நான் கத்துவேன். "அவன் வர்ற வரைக்கும்"பார். அவன் திரும்பாமப் போயிட்டா இவர் மனசு ஆறவே ஆறாதுன்னு எனக்குத் தெரியும், அதனாலதான் கத்தினேன்.

ரெண்டு மாசத்துக்கு முந்தி ஒரு சனிக்கிழமை அவனே வந்தான். வாளிக்கு முன்னாடி ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினான், ஒண்ணுமில்லன்னு. "ஜெபிக்க வரல. என் மேல யாரும் கை வைக்கக் கூடாது"ன்னு சொல்லிட்டு மூலை டயர் மேல உட்கார்ந்தான். வாரா வாரம் வந்தான், அதே டயர், அதே மூஞ்சி. இவர் டீ மட்டும் கொண்டு போய் வைப்பார்.

போன சனிக்கிழமை நடந்ததோட முடிச்சுக்கிறேன். எல்லாரும் வந்தப்புறம் இவர் எழுந்து சுவர்ல இருந்த தன் சின்னச் சுத்தியலை எடுத்து, வாசலுக்குப் போய், அந்த வாளியில போட்டார். டங்குனு சத்தம். இருபது வருஷத்துல இவர் அதுல எதையும் போட்டதில்ல. வந்து பெஞ்சுல உட்கார்ந்து, மடங்காத கையைத் தூக்கினார்.

"எனக்கு ஒரு விண்ணப்பம் இருக்கு. லாரிக்காரன் ஊருக்குத் திரும்பி வந்திருக்கான். மூணு நாளா சலவைக் கடைக்கு எதிர்ல நிக்கிறான். நானும் மூணு நாளா சுத்தியலை இடுப்புல சொருகிட்டு அந்தப் பக்கம் போயிட்டு வர்றேன். எனக்கு அவனைக் கொல்லணும்போல இருக்கு."

இந்த மனுஷனுக்கு அறிவு இருக்கா, அந்தப் பையனை வச்சுக்கிட்டா இதைச் சொல்லணும். அவன் அக்காகூட அவன்கிட்ட மறைச்சிருந்தா. எல்லாத் தலையும் டயர் பக்கம் திரும்புச்சு. சுருட்டை எழுந்தான். நான் டீ டம்ளரை அப்படியே விட்டுட்டு ஓடிப்போய் வாளிக்கு முன்னாடி நின்னேன். வாளியில சுத்தியல் மட்டுமா கிடக்கு.

அவன் என் பக்கம் வரல. இவருக்கு முன்னாடி போய் நின்னான். அப்புறம் முட்டி போட்டு, தலையில கை வைக்காம, அடிக்கப் போறவனைப் பிடிக்கிற மாதிரி இவரோட ரெண்டு மணிக்கட்டையும் இறுக்கிப் பிடிச்சான்.

"ஆண்டவரே"ன்னான். இதுவரைக்கும் அவன் சத்தமா ஜெபிச்சதே கிடையாது. "ஆண்டவரே, இவர் மனசுல நினைச்சிருக்கிறதை நடக்க விடாதேயும். நான் நினைக்கிறதையும்."

இவர் தேம்பித் தேம்பி அழுதார். நான் வாளியை ரெண்டு கையாலயும் பிடிச்சபடியே, அன்னைக்கு நான் எண்ணின அந்த மூணு அடிக்கும் சேர்த்து ஆமென் சொன்னேன். திங்கட்கிழமை காலையில அவன் அக்காவைக் கூட்டிட்டு ஸ்டேஷனுக்குப் போய், ஒவ்வொரு தையலையும் சொல்லிப் புகார் எழுதிக் கொடுத்துட்டு வந்தேன்.